மென்மையான க்ளென்சரால் மேக்கப் போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 32. வேலை காரணமாக வாரத்தில் 6 நாள் மேக்கப் போடுகிறேன். நெடுநேரம் கலையாமல் நிற்கும் ஃபவுண்டேஷன், தண்ணீர் பட்டாலும் அழியாத மஸ்காரா, கண் மை, லிப்ஸ்டிக். இத்தனை நாளாக நன்றாக நுரை வரும் ஒரு ஃபேஸ்வாஷால் இரவில் இரண்டு முறை கழுவிவந்தேன். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கும். மூக்கோரம் தோல் உரிந்தது. கடைசியில் மாய்ஸ்சரைசர் போட்டால்கூட எரிய ஆரம்பித்தது. அதனால் மணமில்லாத, நுரையே வராத, 'மென்மையானது' என்று போட்டிருந்த ஒரு க்ளென்சருக்கு மாறி 12 நாள் ஆகிறது. எரிச்சல் அடங்கிவிட்டது. ஆனால் முகம் துடைக்கும் துவாலையில் பழுப்பாக ஒட்டுகிறது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே மை படிந்திருக்கிறது. நெற்றியிலும் தாடையிலும் சின்னச் சின்னப் பொரிகள். மென்மையானது என்றால் சரியாகச் சுத்தம் செய்யாது என்றுதானே அர்த்தம்? பழையதையே இரவுக்கு மட்டும் பயன்படுத்தட்டுமா? மேக்கப் துடைக்கும் ஈரத்தாள் ஒன்றே போதும் என்கிறாள் என் தோழி. இன்னொரு சந்தேகம்: இந்த க்ளென்சரின் பின்பக்கம் 'செட்டைல் ஆல்கஹால்' என்று எழுதியிருக்கிறது. மென்மையான பொருளில் ஆல்கஹால் சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். பழைய ஃபேஸ்வாஷுக்குத் திரும்ப வேண்டாம், இரவுக்கு மட்டும் என்றும் வேண்டாம். 'எரிச்சல் அடங்கிவிட்டது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தோல் மருத்துவராக எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதுதான் முக்கியமான சேதி. மாய்ஸ்சரைசரையே தாங்காமல் இருந்த முகம் 12 நாளில் அமைதியாகியிருக்கிறது என்றால், தோல் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கிவிட்டது. அதை நடுவில் கெடுக்கக் கூடாது. துவாலையில் ஒட்டும் பழுப்புக்கு வழி இருக்கிறது. க்ளென்சரை மாற்றாமல், அதற்கு முன்னால் ஒரு வேலையைச் சேர்த்தால் போதும்.

பழைய ஃபேஸ்வாஷ் உங்கள் முகத்தில் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டால், அதன்மேல் திரும்ப ஆசை வராது. நம் தோலின் மேலடுக்கு ஒரு தாளைவிட மெல்லியது. காய்ந்த செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் இருக்கும். செங்கல்லுக்கு நடுவே பூச்சு இருக்குமே, அதுபோல் அந்தச் செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த ஒரு பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் தொல்லைகள் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது அதுதான். அழுக்கு நீக்கும் எந்தப் பொருளிலும் உள்ள மூலக்கூறுகளுக்கு இரண்டு முனைகள்: ஒன்று தண்ணீரோடு சேரும், மற்றொன்று எண்ணெயோடு சேரும். எண்ணெயைச் சுற்றிக் கூட்டமாக நின்று, அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றிவிடும். ஆனால் எது மேக்கப் எண்ணெய், எது உங்கள் தோலின் சொந்தக் கொழுப்பு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வீரியமான வகையாக இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும். செல்களில் உள்ள புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு, அதைத் தண்ணீரில் ஊறி உப்ப வைக்கும். கழுவிய கொஞ்ச நேரத்தில் அந்த ஈரம் ஆவியாகும்போது தோல் சுருங்கும். முகம் இழுத்துப் பிடித்தது என்று எழுதினீர்களே, அது இதனால்தான்.

சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பெயரைப் பல புட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தோல் எரிச்சலைப் பற்றி ஆய்வு செய்பவர்கள், வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்றால் அதைத்தான் தடவுவார்கள். அதற்காக அந்தப் பெயர் உள்ள எல்லாமே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள், கூடவே வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். சோப்பின் கதை வேறு. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு சுமார் 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான சோப்புக்கோ அது 9 முதல் 10. இந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால் காரத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று கணக்கு. தோலில் செராமைடு உருவாக உதவும் என்சைம்கள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். எனவே காரமான பொருளால் தினமும் இரண்டு முறை கழுவும்போது, இருக்கிற பூச்சும் போகிறது, புதிதாக உருவாவதும் தாமதமாகிறது.

கழுவியதும் விரலால் கன்னத்தைத் தேய்த்தால் வழுக்காமல் பிடிக்கும். அதைச் சுத்தம் என்று நினைத்தே பலரும் பழகிவிட்டோம். நுரை நிறைய வந்தால்தான் அழுக்கு போகும் என்பதும் அப்படி ஒரு பழக்கம்தான். நுரைக்கும் சுத்தத்துக்கும் அவ்வளவு தொடர்பு இல்லை.

சரி, அப்படியானால் மேக்கப் ஏன் போகவில்லை? உங்கள் ஃபவுண்டேஷன் போகக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. நெடுநேரம் நிற்கும் வகைகளில் சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவம் இருக்கும். முகத்தில் தடவிய சில நிமிடங்களில் அது பறந்துபோய், சிலிக்கோன் பிசினும் நிறமிகளும் மெல்லிய படலமாகத் தோல்மீது ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அழியாத மஸ்காராவில் தேன்மெழுகு, கார்னாபா மெழுகு போன்ற மெழுகுகள் இருக்கும். வியர்வையும் கண்ணீரும் அசைக்க முடியாத ஒன்றை, நீங்கள் வாங்கிய அந்த லோஷன் வகை க்ளென்சர் அரை நிமிடத்தில் அசைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீர், ஈரம் காக்கும் கிளிசரின் போன்றவை, கொழுப்பு ஆல்கஹால்கள், மிகக் குறைவாக அழுக்கு நீக்கும் பொருள். நாள் முழுக்கச் சேர்ந்த வியர்வை, தூசு, தோலின் எண்ணெய், லேசான பவுடர் எல்லாவற்றையும் அது நன்றாகவே எடுத்துவிடும். பிசினும் மெழுகும் அதன் கைக்கு எட்டாதவை.

கையில் மரப்பிசின் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகராது, கைதான் சிவக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தடவினால் தானாக இளகிவிடும். மேக்கப்பும் அப்படித்தான். முதலில் அதை இளக்க வேண்டும். இளகியதை எடுக்க உங்கள் மென்மையான க்ளென்சரே போதும்.

இளக்குவதற்குப் பல பொருட்கள் உண்டு. உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, தண்ணீர் பட்டதும் பால்போல் வெளுக்கும் வகை க்ளென்சிங் எண்ணெய் அல்லது களிம்புபோல் கெட்டியாக இருக்கும் க்ளென்சிங் பாம். அந்த வெளுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது: எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பொருள் அதில் கலந்திருப்பதால், மேக்கப்பைக் கரைத்த எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடும். சமையலறையில் இருக்கும் சாதாரண எண்ணெய்க்கு அந்த குணம் கிடையாது. அதுவும் மேக்கப்பைக் கரைக்கும்தான், ஆனால் எவ்வளவு கழுவினாலும் ஒரு படலம் நின்றுவிடும். அதை எடுக்க மறுபடி தேய்ப்பீர்கள், வீரியமான எதையாவது தேடுவீர்கள். ஏற்கெனவே பொரிகள் இருப்பதால் உங்களுக்கு அது வேண்டாம். எண்ணெய் என்ற சொல்லே பிடிக்கவில்லை என்றால் மைசெல்லார் வாட்டர் என்று விற்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் கனமான ஃபவுண்டேஷனுக்கு அதில் நான்கைந்து பஞ்சு ஆகும், அத்தனை முறையும் பஞ்சு தோலில் உரசும். அதனால் கண்ணுக்கு அதையும், முகத்துக்கு எண்ணெய் வகையையும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இனிச் செய்முறை. இதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. என்னிடம் வருபவர்களிடம் எப்படி முகம் கழுவுகிறீர்கள் என்று காற்றில் செய்து காட்டச் சொல்வேன். அவர்கள் கை போகும் வேகத்தைப் பார்த்தாலே, தோல் ஏன் சிவந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

கைகளை முதலில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். முகமும் கையும் உலர்ந்திருக்கும்போதே எண்ணெயைத் தடவ வேண்டும். ஈரமான முகத்தில் தடவினால் அது மேக்கப்பைச் சேர்வதற்கு முன்பே வெளுத்து, பாதி சக்தியை இழந்துவிடும். விரல் நுனிகளால் ஒரு நிமிடம் மெதுவாக வட்டமாகத் தடவுங்கள். அழுத்தம் வேண்டவே வேண்டாம். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருந்தால் சரி. நிறம் கலங்கி முகம் முழுக்கச் சேறுபோல் ஆகும், பயப்பட வேண்டாம், இளகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மறுபடி தடவினால் பாலாக மாறும். அப்போது கழுவிவிடலாம்.

அதன் பிறகு உங்கள் மென்மையான க்ளென்சர். ஒரு துளி எடுத்து முகமெல்லாம் இழுத்துத் தேய்க்காமல், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பொருள் குறைந்த அளவில் வேலை செய்யாது, அதோடு விரலுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலும் இருக்காது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தடவலாம். நெற்றியில் முடி ஆரம்பிக்கும் ஓரம், மூக்கின் இரு பக்க மடிப்பு, தாடைக்குக் கீழே, காதுக்கு முன்னால் உள்ள பகுதி ஆகியவற்றை மறக்க வேண்டாம். ஃபவுண்டேஷன் அதிகம் தங்குவது அங்கேதான். உங்கள் பொரிகள் நெற்றியிலும் தாடையிலும் இருக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கழுவும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தண்ணீர் விடுங்கள். சூடான தண்ணீர் கூடாது. தோலின் கொழுப்பை அதுவும் இளக்கிவிடும். துவாலையால் ஒற்றி எடுத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போடுங்கள்.

சில லோஷன் க்ளென்சர்களில் 'தண்ணீரின்றித் துடைத்தும் எடுக்கலாம்' என்று போட்டிருப்பார்கள். மேக்கப் இல்லாத நாளில், தோல் மிகவும் வறண்டிருக்கும்போது அது உதவும். மேக்கப் போட்ட நாளில் அப்படிச் செய்தால், கரைந்த நிறமும் பிசினும் அந்த லோஷனோடு சேர்ந்து முகத்திலேயே தங்கிவிடும். நீங்கள் அப்படிச் செய்துவந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள், துவாலையில் ஒட்டும் பழுப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

அந்தத் துவாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைத் துவாலையில் ஒற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் நிறம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். மறுநாள் எண்ணெய் தடவும் நேரத்தை அரை நிமிடம் கூட்டுங்கள். இரண்டாவது க்ளென்சரை வீரியமானதாக மாற்ற வேண்டாம், அன்றைக்கே மூன்றாவது முறை கழுவவும் வேண்டாம். ஒரு நாள் லேசாகச் சாயம் தெரிந்தால் தோலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. கடைசித் துளி நிறத்தையும் எடுத்தே தீர வேண்டும் என்று பஞ்சால் துடைத்துத் துடைத்து முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வேன். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. முகத்துக்குச் செய்த அதே தடவலை அங்கே செய்தால் தாங்காது. காண்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால் முதலில் கையைக் கழுவி லென்ஸைக் கழற்றிவிடுங்கள், மேக்கப்பை எடுப்பது அதற்குப் பிறகுதான். கண்ணுக்கென்று செய்த மேக்கப் ரிமூவரிலோ மைசெல்லார் வாட்டரிலோ பஞ்சை நன்றாக நனைத்து, மூடிய கண்மேல் வைத்து 20, 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள். இந்த அரை நிமிடப் பொறுமைக்கு ஈடாக எந்தப் பொருளும் கிடையாது. மெழுகு இளகியதும், இமை முடி வளரும் திசையிலேயே மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்தால் மஸ்காரா பஞ்சோடு வந்துவிடும். மீதி இருந்தால் புதிய பஞ்சால் இன்னொரு முறை. பக்கவாட்டில் தேய்த்தால் இமை முடி உடையும், தோலும் சிவக்கும். கீழ் இமையின் ஓரத்துக்குப் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பயன்படுத்தலாம்.

இமை ஓரத்தில் வரிசையாக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அவை சுரக்கும் எண்ணெய்தான். கண்ணின் உள்வரியில் மை தீட்டி, இரவில் அதை எடுக்காமல் படுத்தால் அந்த வாய்கள் அடைபடக்கூடும். கண் உறுத்தல், வறட்சி, இமையில் கட்டி எல்லாம் பிறகு வரிசையாக வரலாம். ஆஸ்திரேலியாவில் 50 வயதுப் பெண் ஒருவர் 25 ஆண்டுகளுக்கும் மேலாக மஸ்காராவைச் சரியாக எடுக்காமலே இருந்ததால், மேல் இமையின் உட்புறத்தில் கரிய கட்டிகள் படிந்துவிட்டன. 2018ல் கண் மருத்துவ இதழ் ஒன்றில் அந்தப் பாதிப்பு படத்தோடு வெளியானது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. காலையில் கண்ணுக்குக் கீழே மை படிந்திருக்கிறது என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். தலையணைக்குப் போவது போக, மீதி கண்ணுக்குள்ளும் போகிறது.

ஒரு யோசனை. தண்ணீரில் அழியாத மஸ்காரா 6 நாளும் தேவையா? ஒவ்வோர் இமை முடியையும் சின்னக் குழாய்போல் சுற்றிக்கொள்ளும் வகை மஸ்காரா ஒன்று இருக்கிறது. வியர்வைக்குக் கலையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நனைத்தால் குட்டிக் குட்டி இழைகளாகக் கழன்று வந்துவிடும். வேலை நாட்களுக்கு அதை வைத்துக்கொண்டால், தினமும் இமையோடு நடத்தும் போராட்டம் முடிந்தது. எந்த மஸ்காராவாக இருந்தாலும் திறந்து மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள். தூரிகை ஒவ்வொரு முறையும் இமையிலிருந்து கிருமியை உள்ளே கொண்டுபோகிறது.

இப்போது பொரிகளுக்கு வருகிறேன். புதிய க்ளென்சர்தான் காரணம் என்று நீங்கள் நினைப்பது இயல்பு, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அவை கண்ணில் பட்டன. ஆனால் மயிர்க்கால் ஒன்றில் அடைப்பு உண்டாகி, அது வெளியே பொரியாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். 12 நாளைக்கு முன் தொடங்கிய ஒன்றின்மேல் முழுப் பழியையும் போட முடியாது. பழைய ஃபேஸ்வாஷ் காலத்திலேயே மூக்கோரமும் முடியோரமும் மேக்கப் தங்கியிருக்கலாம். நுரையும் இழுவையும் இருந்ததால் எல்லாம் போய்விட்டது என்று நம்பியிருப்பீர்கள். மேக்கப்பால் வரும் இந்த மாதிரிப் பருவை 1972ல் கிளிக்மன், மில்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்து எழுதினார்கள். சீழ் வைத்த பெரிய பருக்களாக இல்லாமல், தோல் நிறத்திலேயே சின்னச் சின்னதாக, தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். அது கரைவதற்கும் பொறுமை வேண்டும். இரண்டு படிச் சுத்தத்தை ஒழுங்காகச் செய்தால் ஒன்றிரண்டு மாதத்தில் குறைவது தெரியும். கிள்ளவே கூடாது.

வேறு காரணங்களும் உண்டு. நெற்றியில் ஒரே அளவில் வரிசையாகப் பொரிகள் வந்து அரிப்பும் இருந்தால், அது மயிர்க்காலில் பெருகும் ஒருவகை ஈஸ்ட்டால் இருக்கலாம். அதற்குப் பரு மருந்து கேட்காது. வாயைச் சுற்றிச் சிவந்த பொரிகள் வந்தால் அது இன்னொரு வகை. இதற்கெல்லாம் கையில் கிடைத்த ஸ்டீராய்டு கிரீமைத் தடவிவிடாதீர்கள். இரண்டு நாள் மாயம்போல் அடங்கும், நிறுத்தியதும் பல மடங்காகத் திரும்பி வரும். முகத்தில் அந்த கிரீமை மருத்துவர் சொல்லாமல் போட்டுக்கொண்டு வந்து அழுதவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புட்டியின் முன்பக்க வாசகங்களை நம்பி வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'மென்மையானது' என்பதற்குச் சட்டப்படியான அளவு எதுவும் இல்லை. 'துளைகளை அடைக்காது' என்பதும் அப்படியே. 'ஒவ்வாமை தராது' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை கொண்டுவர அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975ல் விதி போட்டது. அழகுசாதன நிறுவனங்கள் வழக்குத் தொடுத்து, 1977ல் அந்த விதியே செல்லாமல் போய்விட்டது. அதனால் மென்மையை அட்டையில் தேடாமல், கழுவிய 10 நிமிடம் கழித்து எதுவும் போடாத உங்கள் முகத்தில் தேடுங்கள். இழுக்கவில்லை, எரியவில்லை, சிவக்கவில்லை என்றால் அது உங்களுக்கு மென்மையானது. உங்கள் க்ளென்சர் அந்தச் சோதனையில் 12 நாளாகத் தேறியிருக்கிறது.

புதிதாக வாங்கப்போகும் எண்ணெயையோ பாமையோ நேராக முகத்தில் போட வேண்டாம். முழங்கையின் உட்புற மடிப்பில் ஒரு நாணய அளவு இடத்தில், தினம் இரண்டு முறை, 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். கழுவி எடுக்கும் பொருள் என்பதால் நான்கைந்து நிமிடம் வைத்துவிட்டுக் கழுவினால் போதும். ஒவ்வாமை அன்றே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். ஒரே நாள் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்வது அதனால் போதாது. இந்த நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். இரண்டு புதிய பொருள் ஒன்றாக வந்து எரிச்சல் ஆரம்பித்தால், எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்கள் தோழி சொன்ன ஈரத்தாளைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினசரி வேண்டாம். தாள் மேக்கப்பைக் கொஞ்சம் எடுக்கிறது, மீதியை முகமெங்கும் பரப்புகிறது. அதில் உள்ள அழுக்கு நீக்கும் பொருளும், கெடாமல் காக்கும் வேதிப்பொருளும் கழுவப்படாமல் இரவு முழுக்கத் தோலிலேயே இருக்கின்றன. ஈரத்தாள்களில் ஒரு காலத்தில் பரவலாகச் சேர்த்துவந்த மெத்தில் ஐசோதியசோலினோன் என்ற பொருள் நிறையப் பேருக்கு ஒவ்வாமை தந்தது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013ல் அதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் விடும் அழகுசாதனங்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் பிறகு தடையே போட்டது. எப்போதாவது தாளைப் பயன்படுத்த நேர்ந்தால், துடைத்த பிறகு வெறும் தண்ணீரிலாவது முகத்தைக் கழுவிவிடுங்கள்.

ஆல்கஹால் பற்றிய கவலையை விட்டுவிடலாம். செட்டைல் ஆல்கஹால் பெயரில்தான் ஆல்கஹால். கையில் எடுத்தால் வெள்ளை மெழுகுச் சீவல்போல் இருக்கும். 1817ல் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைத் திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகிலிருந்து பிரித்தெடுத்தார். திமிங்கிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். தோலை வறட்டாது, மாறாக மிருதுவாக வைக்கும். ஸ்டியரில், செட்டோஸ்டியரில் என்று வருபவையும் இதே குடும்பம்தான். அபூர்வமாகச் சிலருக்கு இவை ஒவ்வாமை தரும், உங்களுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்லை. வறட்டுபவை எத்தனால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 'டினேச்சர்டு' என்ற சொல்லோடு வரும் ஆல்கஹால் ஆகியவை. பட்டியலின் முதல் நாலைந்து பெயருக்குள் அவை இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

காலையில் மென்மையான க்ளென்சர் ஒரு முறை, அல்லது வெறும் தண்ணீர். மேக்கப் போடாத அந்த ஏழாவது நாளில் எண்ணெய் தேவையில்லை, க்ளென்சர் மட்டும் போதும். ரொம்பக் களைத்து வரும் இரவுகளும் இருக்கும். அன்றைக்கு எல்லாப் படியும் முடியாது என்று ஒன்றுமே செய்யாமல் படுத்துவிடாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு புட்டி மைசெல்லார் வாட்டரும் பஞ்சும் வைத்துக்கொண்டு, கண்ணையாவது துடைத்துவிட்டுத் தூங்குங்கள்.

இப்படியே 6 வாரம் செய்து பாருங்கள். தோலின் மேலடுக்கு ஒரு முறை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளவே சுமார் 4 வாரம் ஆகும் என்பதால் அதற்கு முன் தீர்ப்பு சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் பொரிகள் அப்படியே இருந்தால் நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். இமை வீங்குவது, இமைத் தோல் சிவந்து அரிப்பது, பொரிகளில் சீழ் வைப்பது, கண் பார்வை மங்குவது, இதில் எது நடந்தாலும் 6 வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். போகும்போது ஃபவுண்டேஷன், மஸ்காரா, பழைய ஃபேஸ்வாஷ், புதிய க்ளென்சர், தலைக்குப் போடும் ஷாம்பு வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஷாம்பு எதற்கு என்று தோன்றும். குளிக்கும்போது அது நெற்றி வழியாகவும் இமை வழியாகவும்தான் இறங்குகிறது. இமை அரிப்புக்கு மஸ்காராவைச் சந்தேகப்பட்டு வந்த சிலருக்குக் காரணம் ஷாம்பு புட்டியில்தான் கிடைத்திருக்கிறது.